ஓர்ஸ் ஹில் சிறுத்தையும் ஓர் ஆய்வுக் கட்டுரையும்

வெகுசன ஊடகமும் சமூகமும் என்ற பாடத்துக்கு இறுதிக் கட்டுரை எழுத வேண்டுமென்று அறிவித்த அன்று, விரிவுரையாளர் எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிட்டார். எனக்குச் சோடியாக வந்தவள் மூதூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகும் பிள்ளை. அதுவரைக்கும் கன்ரீனில் ஒருவருக்கொருவர் கதிரை தள்ளிக் கொடுத்ததைத் தவிர எங்களுக்குள் வேறு பழக்கம் இருக்கவில்லை. முதல் வாரம் முழுக்க "நீங்கள்" என்றே கதைத்தோம்.

எல்லாரையும் போல நாங்களும் ஒரு வினாக்கொத்துத் தயாரித்துக்கொண்டு பஸ் நிலையத்தில் போய் நின்றோம். "தினமும் பத்திரிகை வாசிப்பீர்களா?" என்பது முதல் கேள்வி. நாங்கள் கேட்ட அத்தனை பேரும் ஓம் என்றார்கள். பத்திரிகைத் துண்டில் சுற்றிய உளுந்து வடையைச் சாப்பிட்டுக்கொண்டு நின்ற ஒருவர், எண்ணெய் ஊறிய தாளை எங்களுக்கு விரித்துக் காட்டி, "ஓம் பிள்ளையள், இப்பவும் வாசிச்சுக்கொண்டுதான் நிக்கிறன்" என்றார்.

நிழலுக்குள் வந்து தாள்களைப் புரட்டிப் பார்த்த என் சோடி பெருமூச்சு விட்டாள்.

"இவங்க எல்லாரும் சோதனை எழுதுற மாதிரிப் பதில் சொல்றாங்க. இத வச்சி ஒண்டும் எழுத ஏலாது."

எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் வேறென்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை. அந்த நிலையில்தான் சிறுத்தை வந்தது.

நான் இருப்பது நகரத்துக்குள்ளேயே, ஓர்ஸ் ஹில்லில். ஒரு காலை, பாட்டுப் போட்டுக்கொண்டு பாணும் கேக்கும் விற்க வரும் ஓட்டோ எங்கள் ஒழுங்கையில் பாட்டில்லாமல் வந்து நின்றது. "சத்தம் போட்டா பாயுமாம்" என்று பாண்காரர் மெல்லிய குரலில் சொன்னார். என்ன பாயும் என்று கேட்டேன். போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். இருட்டுக்குள் ஓர் இடிந்த கல் மதில். அதன்மேல் கால்களைத் தொங்கப் போட்டபடி ஒரு சிறுத்தை. சுற்றிவர யாரோ சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்கள். "ஓர்ஸ் ஹில் மக்கள் கவனம்" என்று கீழே எழுதியிருந்தது.

பக்கத்து வீட்டு அன்ரி மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "புலியோ?" என்றார்.

"ஐயோ அன்ரி, புலி எண்டு சத்தமாச் சொல்லாதையுங்கோ, சிறுத்தை எண்டு சொல்லுங்கோ" என்றார் பாண்காரர். அன்ரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் கதவைப் பூட்டினார்.

அன்று பின்னேர ரியூசன் வகுப்புகள் நின்றன. நகரத்துக்குள் சுற்றித் திரியும் மான்களுக்காகச் சிலர் கவலைப்பட்டார்கள். துறைமுகக் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்று வீட்டில் இருந்த என் அப்பா, பகல் முழுக்கக் கேற்றைப் பூட்டி வைத்திருந்து, வேலையால் வந்த அம்மாவை வெளியே நிற்க வைத்தே இரண்டு பக்கமும் பார்த்து உள்ளே எடுத்தார்.

அடுத்த நாள் கன்ரீனில் இதையெல்லாம் சொன்னபோது என் சோடி தேத்தண்ணீரை மேசையில் வைத்தாள்.

"உங்கட ஓர்ஸ் ஹில்லா? அது எங்கட மூதூர்லயெல்லோ நிக்குது!"

அவளும் போனைத் திறந்தாள். அதே மதில், அதே சிறுத்தை, அதே சிவப்பு வட்டம். எழுத்து மட்டும் மாறியிருந்தது. கூடவே ஒரு குரல் பதிவும் இருந்தது. ஓர் ஆண் குரல் மூச்சு வாங்க, "என்ட கண்ணால கண்ட, ஆட்டத் தூக்கிட்டுப் போய்ட்டு" என்றது. பக்கத்து மேசையிலிருந்த புல்மோட்டைப் பையன் எட்டிப் பார்த்து, "இது எங்கட ஊர்ல இல்மனைற்று மண் அள்ளுற பக்கம் எடுத்த படம்" என்றான். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். வினாக்கொத்துத் தாள்கள் அன்றைக்கே குப்பைக்குப் போயின.

விரிவுரையாளர் முதலில் சம்மதிக்கவில்லை. "போன் குறூப்பில வாற கதையை வெகுசன ஊடகம் எண்டு சொல்ல ஏலுமா?" என்று கேட்டார்.

"ஒரே நாள்ல மூண்டு ஊர்ல ஒரு சிறுத்தை நிண்டா அது வெகுசனம்தானே மிஸ்" என்றாள் என் சோடி. மிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலைப்பில் கையெழுத்துப் போட்டார். பஸ் நிலையத்துக்கு நடந்து போகும்போது நான் அவளை முதல் தடவையாக "நீ" என்றேன். அவள் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அடுத்த வசனத்திலேயே அவளும் "நீ" என்றாள்.

எங்கள் வேலை எளிமையானது. படத்தை வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் "உங்களுக்கு இது ஆர் அனுப்பினது?" என்று கேட்க வேண்டும். அந்த ஆளிடம் போய் அதையே கேட்க வேண்டும். பத்திரிகை வாசிப்பதைப் பற்றிக் கேட்டபோது நெளிந்த ஊர், இதைக் கேட்டதும் கதவைத் திறந்து கதிரை போட்டது. எல்லாருக்கும் சொல்ல ஒரு கதை இருந்தது. ஒருவர் உறுமல் கேட்டிருந்தார். இன்னொருவருடைய நாய் சோறு தின்னவில்லையாம்.

முதலில் மூதூருக்குப் போனோம், ஆட்டுக் குரலைத் தேடி. அந்தக் குரலை அவளுடைய வாப்பா உடனே கண்டுபிடித்துவிட்டார். வயல் செய்யும் அவருடைய கூட்டாளி ஒருவர். வீட்டுக்குப் போய் விசாரித்தோம். மனுசன் தலையைச் சொறிந்தார்.

"ஆடு காணாமப் போனது உண்மை புள்ள. அந்த நேரம் பாத்து இந்தப் படமும் வந்திட்டு. நான் வேறென்னத்த நினைக்க?"

"சிறுத்தையைக் கண்டீங்களா?"

"படத்துலதானே கண்ட!"

ஆடு அடுத்த நாள் காலை தானாகவே வந்து வாசலில் நின்றதாம். அதையும் குரல் பதிவாகப் போட்டீர்களா என்று கேட்டோம். "ஆடு வந்தத ஆரு கேக்கப் போறா?" என்றார். அதை அப்படியே எழுதிக்கொண்டோம்.

மத்தியானம் சோடியின் வீட்டில் சாப்பாடு. அவளுடைய உம்மா மீன் பொரியலை என் சோற்றுக் கோப்பையில் வைத்துக்கொண்டே இருந்தார். வாசலுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தோள்பை ஒன்று தொங்கியது. சிறுத்தைச் செய்தி வந்த அன்று அந்தப் பையை எடுத்துக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டதாக உம்மா சொன்னார். உள்ளே அடையாள அட்டைகளும் பிறப்புச் சான்றிதழ்களும் இருந்தன. கடல் வந்த காலத்திலும், சண்டையில் ஊரே நடந்து வெளியேறிய காலத்திலும் கையில் ஒன்றுமில்லாமல் ஓடியவர்கள் அவர்கள். அதற்குப் பிறகு, சிறுத்தை வந்த அந்த ஒரு நாளைத் தவிர, அந்தப் பை ஆணியை விட்டு இறங்கியதில்லை.

"உம்மா, அது பொய்ப் படம்" என்றாள் மகள்.

"இருக்கட்டும். முன்னுக்கு ஒருக்கா ஆக்கள் வந்து சொல்லக்குள்ள நாங்க நம்பல்ல மகள். இப்ப நம்பிப்போட்டுச் சிரிக்கிறம். இது எவ்வளவோ நல்லம்."

எங்கள் பாடநூல்களில் வதந்தியை நம்புகிறவர்கள் கல்வி குறைந்தவர்கள் என்ற தொனியில் பல பந்திகள் இருந்தன. திரும்பி வரும் பஸ்ஸில் அவற்றில் எதையும் எங்கள் கட்டுரையில் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

பிறகு நகரத்துச் சங்கிலி. பாண்காரருக்கு அனுப்பியவர் கடற்கரையில் மீன் ஏலம் கூறுபவர். அவருக்கு அனுப்பியவர் அவருடைய மனைவி. மனைவிக்கு வந்தது பிள்ளைகளை ரியூசனுக்கு அனுப்பும் தாய்மாரின் குறூப்பிலிருந்து. அந்தக் குறூப்பில் படத்தை முதலில் போட்ட இலக்கத்தை அவர் எங்களுக்குக் காட்டினார். எனக்கு அந்த இலக்கம் நன்றாகத் தெரியும். அது என் மாமியுடையது, அப்பாவின் தங்கச்சி.

மாமி எங்களைக் கண்டதும் குசினிக்குள் இருந்தே பேசத் தொடங்கினார்.

"எனக்கு ஆர் அனுப்பினதோ? உன்ர அப்பாதான்! எங்கட குடும்பக் குறூப்பில போட்டவர். நீ பாக்கேல்லையோ?"

நான் பார்த்திருக்கவில்லை. காலை வணக்கமும் பூப்படங்களும் வந்து குவியும் குறூப் அது. சத்தம் வராமல் அடைத்து வைத்து நெடுநாள். மாமியின் போனை வாங்கி மேலே தள்ளிக்கொண்டு போனேன். அங்கே இருந்த படத்தில் இருட்டும் இல்லை, சிவப்பு வட்டமும் இல்லை. நல்ல வெளிச்சத்தில் அதே மதிலும் அதே சிறுத்தையும் இருந்தன. கீழே அப்பா எழுதியிருந்தார்: "காலை வணக்கம். இந்த மாதம் எங்கள் வீட்டில் இவர்."

"வீட்டில எண்டு கிடந்ததால பயந்து போய் 'ஓர்ஸ் ஹில் மக்கள் கவனம்' எண்டு நான்தான் போட்டனான், இருட்டும் வட்டமும் பிறகு ஆரோ சேர்த்தது" என்றார் மாமி. என் சோடி அப்பா எழுதியதை இரண்டு தரம் வாசித்தாள். "இந்த மாதம் எண்டா?" என்றாள்.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. அப்பாவின் அறைக்குள், அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு கலண்டர் தொங்குகிறது. ஹாட்வெயார் கடையில் கொடுத்தது. மாதத்துக்கொரு காட்டு மிருகம். நான் அந்த அறைக்குள் போவது குறைவு.

இருவரும் ஓட்டோ பிடித்து வீட்டுக்குப் போனோம். கேற் அன்றும் பூட்டியிருந்தது. அப்பா திறப்புடன் வந்து, ஒழுங்கையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "கெதியா உள்ளுக்க வாங்கோ பிள்ளையள்" என்றார். நேரே அவருடைய அறைக்குப் போனோம். இடிந்த கல் மதிலில், கால்களைத் தொங்கப் போட்டபடி அது எங்களைப் பார்த்தது.

"அப்பா, இஞ்சையும் மூதூரிலயும் ஓடித் திரியிற படம் இதுதான்."

"சும்மா இரு."

போனில் இருந்த படத்தையும் கலண்டரையும் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். அப்பா மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார்.

"நானும் அண்டைக்கே யோசிச்சனான், எங்கட கலண்டரில நிக்கிறதின்ர சாயல் கிடக்கு எண்டு" என்றார்.

என் சோடி வாயைப் பொத்திக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டாள். அப்பா கோபப்படுவார், அல்லது வெட்கப்படுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் கேட்ட கேள்வி வேறு.

"மூதூர் வரைக்கும் போனதோ?"

"ஓம் அங்கிள். புல்மோட்டைக்கும் போயிருக்கு."

"புல்மோட்டைக்குமோ!" அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. வேலையை விட்டு வந்த நாளிலிருந்து காலைதோறும் அவர் குறூப்பில் ஒரு படம் போடுகிறார் என்று அன்று பின்னேரம்தான் எனக்குச் சொன்னார். நானும் அம்மாவும் காலையில் வெளிக்கிட்டுப் போனபின் வீட்டில் அவர் தனியே. சிலர் கைகூப்பும் பொம்மை ஒன்றைத் திருப்பி அனுப்புவார்கள், அவ்வளவுதான். அவர் போட்ட ஒரு படத்தைப் பற்றி இத்தனை பேர் கதைத்தது இதுதான் முதல் தடவை. அது தன்னுடைய படம் என்று தெரியாமல், கேற்றைப் பூட்டிக்கொண்டு பயந்தபடி அந்த நாட்களைக் கழித்திருக்கிறார்.

அன்றைக்கே திருத்தம் போட்டோம். "இது கலண்டர் படம். எவரும் பயப்பட வேண்டாம்" என்று அப்பா குடும்பக் குறூப்பில் எழுதினார். மாமி அதைத் தாய்மார் குறூப்பில் போட்டார். என் சோடி மூதூரில் போட்டாள். அது எங்கேயும் நகரவில்லை. பாண்காரர் மறுநாளும் பாட்டில்லாமல்தான் வந்தார். ஆட்டுக்காரர் சொன்னதன் அர்த்தம் எங்களுக்கு அப்போது முழுதாக விளங்கியது.

யோசனை என் சோடியுடையது. கலண்டரை ஆணியிலிருந்து கழற்றி விறாந்தைக் கதிரை ஒன்றில் சாத்தி வைத்தாள். பக்கத்துக் கதிரையில் அப்பாவை இருக்கச் சொன்னாள். அப்பா உள்ளே போய் வெள்ளைச் சேட்டுப் போட்டு, சீப்பால் தலை இழுத்துக்கொண்டு வந்தார். ஒரு கையைச் சிறுத்தையின் முதுகில் வைத்து, பழக்கிய பூனையைத் தடவுவது போலத் தடவினார். "ஓர்ஸ் ஹில் சிறுத்தை பிடிபட்டது" என்று எழுதி அனுப்பினோம்.

அடுத்த நாள் காலை பாண்காரரின் பாட்டு ஒழுங்கை முனையிலேயே கேட்டது. எங்கள் வாசலில் நிறுத்தி, "ஐயா, சிறுத்தைக்குப் பாண் வேணுமோ?" என்றார். மூதூர் ஆட்டுக்காரர் போன் எடுத்து அப்பாவுடன் நெடுநேரம் சிரித்தார். சந்தைக்குப் போன அம்மாவிடம் முன்பின் தெரியாத பெண்கள் வந்து "சிறுத்தை ஐயாவின்ர வீடோ?" என்று கேட்டார்களாம். அம்மாவுக்கு முதலில் கோபம். அன்று பாரை மீன் நல்ல துண்டாகக் கிடைத்ததும் கோபம் தணிந்துவிட்டது.

கட்டுரையை எழுதி முடிக்க நாங்கள் நினைத்ததைவிட நாட்கள் பிடித்தன. இருந்து எழுதியதைவிட ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த நேரம் அதிகம். வாசித்துச் சமர்ப்பித்த அன்று வகுப்பே கைதட்டியது. கைதட்டல் ஓய்ந்ததும் மிஸ் கேட்டார்:

"ஒரு பொய்யைத் திருத்த இன்னொரு பொய்யை அனுப்பியிருக்கிறீங்கள். அது சரியா?"

"பொய் இல்ல மிஸ், பகிடி" என்றாள் என் சோடி.

"பாக்கிற எல்லாருக்கும் அது பகிடி எண்டு விளங்கினதா?"

புல்மோட்டைப் பையன் பின் வரிசையில் எழும்பினான். அவனுடைய ஊரில் சிலர், பிடித்த சிறுத்தையைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா, எத்தனை மணிக்கு வந்தால் பார்க்கலாம் என்று கேட்டதாகச் சொன்னான். வகுப்பு மறுபடி சிரித்தது. எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அதை நாங்கள் யோசித்திருக்கவே இல்லை. மிஸ் கட்டுரையைத் திருப்பித் தந்து, இதைப் பற்றியும் ஒரு பகுதி எழுதச் சொன்னார். முழுக் கட்டுரையிலும் கடினமான பகுதி அதுதான். உண்மை வெறுமனே போனால் ஏன் போய்ச் சேருவதில்லை, சிரிப்போடு போனால் வழியில் என்ன ஆகிறது என்று எழுதி எழுதி அழித்தோம். கடைசியில் எங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்றே எழுதினோம். மிஸ் அந்தப் பந்திக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஒரு சரி போட்டிருந்தார். புள்ளி நல்லபடி வந்தது.

ஒரு பிரதியை எடுத்துக் கட்டி அப்பாவிடம் கொடுத்தேன். விறாந்தையில் இருந்து, தேத்தண்ணீர் ஆறுவதையும் பாராமல், கடைசித் தாள் வரை வாசித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"எல்லாம் திறமாக் கிடக்கு. ஆனா இதென்ன, என்னைப் 'பதிலளிப்பவர் அ' எண்டு போட்டிருக்கிறாய்?"

"ஆய்வில உண்மைப் பேர் போடக் கூடாதப்பா. அதுதான் முறை."

"அப்ப இது நான்தான் எண்டு வாசிக்கிறவைக்கு எப்படித் தெரியும்?"

 அப்பா சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார். 'பதிலளிப்பவர் அ' வருகிற இடங்களையெல்லாம் தேடித் தேடி, பக்கத்தில் தன் முழுப் பெயரை, முதலெழுத்துகளோடும் பழைய பதவியோடும், கந்தோர்க் கையெழுத்தில் அழகாக எழுதத் தொடங்கினார்.