மீனவர் வாசலும் குதிரைச் சாணமும்

எங்கள் ஊர் லூடென்ஹாகனை மூன்று பக்கம் ஜெர்மனியின் வேசர் ஆறு வளைத்திருக்கிறது. நான்காவது பக்கம் மலை. எதிரிக்குப் பயந்து அந்தக் காலத்துப் பிரபு ஆற்றோரமாக மதில் எழுப்பினார். எதிரி மலை வழியாக இறங்கி வந்து, மூன்று நாள் தின்று குடித்துவிட்டுப் போனான். பிறகு மதிலுக்கு ஆற்றைத் தடுப்பது ஒன்றுதான் வேலை. அதிலுள்ள ஒரே ஓட்டை மீனவர் வாசல். அந்த ஓட்டைக்குப் பொறுப்பு ரோஸ்வித்தா பிளாகெ.

வயது ஐம்பத்து நான்கு. நகராட்சித் தொழிலாளி. இலை கூட்டுவார், பெஞ்சுக்கு வர்ணம் அடிப்பார். சதுக்கத்துச் சிலையின் தலையில் நான் குறும்புக்குக் கவிழ்த்த வாளியை ஏணி போட்டு எடுத்து, கழுவி, எங்கள் வீட்டு வாசலிலேயே வைத்துவிட்டுப் போனவர். ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ரோஸ்வித்தா பிறந்தது மீனவர் வாசலை ஒட்டிய தாழ்ந்த சந்தில். ஏழு வயதில் வந்த வெள்ளத்தின்போது மாடி ஜன்னல் வழியாகப் படகில் இறக்கினார்களாம். அந்த வீட்டில் இப்போது அவருடைய அக்கா எல்ஃப்ரீடெ, இடுப்பு ஒடிந்து கீழறையில் படுத்திருக்கிறார். படி குறுகல், கட்டில் மாடிக்கு ஏறாது.

ஆற்றின் மட்டம் ஐந்து மீட்டரைத் தொட்டால் ரோஸ்வித்தா மீனவர் வாசலில் ஓக் மரப் பலகைகளை இரண்டு வரிசையாக அடுக்குவார். நடுவில் குதிரைச் சாணத்தைக் கொட்டி மிதிப்பார். அது ஊறி உப்பி இடுக்கையெல்லாம் அடைத்துவிடும். பல தலைமுறையாக இதுதான் வழக்கம்.

இந்தப் பிப்ரவரியில் ஆறு ஏறியபோது புது மேயர் டோப்பெல்மான் குறுக்கே வந்தார்.

"ஊர் பாக்க ஆளுங்க வர்றாங்க ரோஸ்வித்தாம்மா. சாணம் வேணாம், மணல் மூட்டை போடுங்க."

"மூட்டை இடுக்குல தண்ணி நுழைஞ்சா?"

"நுழையாது. அளவெடுத்து வாங்கினது."

அன்று நண்பகலில் ஆறு மூன்றாம் பலகைக்கு வந்தது. அளவெடுத்த மூட்டைகளுக்கு நடுவே பழுப்புத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. சந்து வீடுகளில் கம்பளங்கள் மாடிக்கு ஏறின. ரோஸ்வித்தா அக்காவின் ஜன்னலை ஒருமுறை பார்த்தார். பிறகு, செல்போனும் கையுமாக நின்ற பையன்கள் எங்கள் பக்கம் திரும்பினார்.

"என்னடா படம் புடிக்கிறீங்க? குதிரை லாயத்துக்கு ஓடுங்க! கைவண்டி எடுத்துக்கோங்க!"

"மேயர் சாணம் வேணாம்னாரே ரோஸ்வித்தாக்கா?"

"மேயர் வீடு மலை மேல இருக்குடா!"

சாணத்தோடு நான்கு நடை அடித்தோம். அவர் மூட்டைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பலகைகளுக்கு நடுவே இறங்கி மிதித்தார். மேயர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"என்னம்மா இந்த நாத்தம்!"

"நாத்தத்துக்கு யாரும் மாடி ஏற வேண்டியதில்லை. இறங்கி மிதிங்க ஐயா."

மனிதர் ஷூவைக் கழற்றிவிட்டு இறங்கினார். பீய்ச்சல் ஒழுக்கானது, ஒழுக்கு சொட்டானது, சொட்டும் நின்றது. இருட்டும் நேரம் ஆற்று நீர் ஐந்தாம் பலகையோடு நின்று, மெல்ல இறங்கத் தொடங்கியது.

ரோஸ்வித்தா நேராக அக்காவின் அறைக்குப் போய்த் தரையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். காய்ந்திருந்தது.

"ஏண்டி, பூட்ஸோடயா உள்ள வருவ?" என்றார் எல்ஃப்ரீடெ கட்டிலிலிருந்து. "வெளிய கழட்டு!"

ரோஸ்வித்தா தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார். அது சிரிப்பாகவே முடிந்ததா என்று நான் நின்று பார்க்கவில்லை. கைவண்டியைக் கழுவ வேண்டியிருந்தது.