மெனுவில் ஆறாவது படம்

பேய் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? எனக்கு நடந்தது பகல் பன்னிரண்டு இருபதுக்கு. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. நான் தூங்கவில்லை. மாத்திரை எதுவும் போடவில்லை. காய்ச்சலும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்கிறவர்கள் எல்லோரும் வரிசையாக இந்த மூன்றையும்தான் கேட்கிறார்கள். நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்லை.

என் பெயர் மணிமேகலை. திருமயத்தில் வீடியோ மிக்சிங் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம் என்று யார் எதை எடுத்துக்கொண்டு வந்தாலும் வெட்டி ஒட்டிக் கொடுப்பேன். இப்போது எல்லோரும் பென்டிரைவ்தான் கேட்கிறார்கள். டிவிடி கேட்கிற ஒரே ஆள் சேதுலட்சுமி ஆச்சி.

ஆச்சிக்கு எழுபத்தாறு வயது. பக்கத்து ஊரில் ஒரு பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். காது மந்தம். போனில் யார் பேசினாலும் அவருக்கு ஒன்றும் விளங்காது. மகன் கார்த்திகேயன் அமெரிக்காவில் வேலை பார்த்தார். கல்யாணம் முறிந்து, அவரும் அங்கே தனி ஆள்தான். ஆத்தாளோடு பேச முடியவில்லையே என்று அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். தன் போனில் வீடியோ எடுத்து எனக்கு அனுப்புவார். நான் மாதம் ஒரு டிவிடி போட்டு ஆச்சியிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஆச்சி டிவியை முழுச் சத்தத்தில் வைத்துப் பார்ப்பார். அந்தச் சத்தம் வீதி முனை வரை கேட்கும்.

ஆச்சிக்குக் கண்ணும் சரியில்லை. திரையில் எழுத்துப் போட்டால் படிக்க மாட்டார். அதனால் மெனுவைப் படமாகத்தான் செய்வேன். பின்னால் ஒரு பிள்ளையார். முன்னால் ஆறு சின்னக் கட்டம், ஒவ்வொன்றிலும் கார்த்திகேயன் முகம். ரிமோட்டில் அம்புக்குறியை அழுத்தினால் மஞ்சள் கோடு ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தாவும். ஓகே அழுத்தினால் அந்த முகம் பேசும். நான்கு வருடம் இப்படி ஓடியது.

போன ஆவணியில் கார்த்திகேயன் இறந்துபோனார்.

நாற்பத்தாறு வயது. மாரடைப்பு, ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது என்று சொன்னவர் அவருடைய தங்கை மதுமிதா. சென்னையில் இருக்கிறார். அவர்தான் அமெரிக்கா போய் எல்லாக் காரியத்தையும் முடித்துவிட்டு வந்தார். வந்ததும் நேராக என் கடைக்கு வந்தார்.

"ஆத்தாளுக்குத் தெரியக் கூடாதுங்க. தையிலதான் நெஞ்சுல ஆபரேஷன் ஆச்சு. தாங்க மாட்டாகன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்ககிட்ட பழைய வீடியோ இருக்கும்ல…?"

இருந்தது. இருநூற்றுப் பதினான்கு ஃபைல்.

ஆச்சியின் ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. மிச்சமிருந்த பத்துப் பேரையும், ஆச்சிக்குச் சமைத்துப் போடுகிற அழகியையும் மது அக்கா கையெடுத்துக் கும்பிட்டு வாயை அடைத்தார். விசா சிக்கல், அண்ணன் இப்போதைக்கு வர முடியாது என்று ஆச்சியிடம் எழுதிக் காட்டாத குறையாகக் கத்திச் சொன்னார். நான் என் பங்குக்கு வெட்ட ஆரம்பித்தேன்.

எப்படி வெட்டினேன் தெரியுமா? "இன்னைக்குத் தீபாவளி" என்று வந்தால் அந்த இடம் போகும். சுவரில் காலண்டர் தெரிந்தால் முகத்தைப் பெரிதாக்கி மறைப்பேன். அதே அறை திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரியாமல் இருக்க, படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போடுவேன். அதில் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். "இவனுக்கு மச்சம் அங்கிட்டுல்ல இருக்கும்? இங்கிட்டு வந்துருச்சே!" என்றார் ஆச்சி. போன் கேமரா அப்படித்தான் காட்டும் என்றேன். வாய் கூசவே இல்லை. முதல் மாதம் அழுதுகொண்டே வெட்டினேன். மூன்றாம் மாதம் டீ குடித்துக்கொண்டே வெட்டினேன். ஐந்தாம் மாதம் அது எனக்குக் கீரை ஆய்வது போல ஆகிவிட்டது. மனசு மரத்துப்போச்சு என்பார்களே, அதுதான்.

மாசியில் முதல் தப்பு. டிஸ்க் ஓடத் தொடங்கியதும் மஞ்சள் கோடு முதல் கட்டத்தில் நிற்க வேண்டும். நான் அப்படித்தான் வைத்திருந்தேன். ஆச்சி வீட்டில் போட்டபோது நான்காவதில் நின்றது. நாம்தான் எங்கேயோ மாற்றி வைத்துவிட்டோம் என்று விட்டுவிட்டேன்.

பங்குனியில் டிஸ்க்கைப் போட்டுவிட்டு எழுந்தபோது ஆச்சி சொன்னார், "என்னத்தா, இவன் இப்பிடி எளைச்சுட்டான்? கழுத்தெலும்பு தெரியுது." அது நான்கு வருடத்துக்கு முந்தைய ஃபைல். அப்போது ஆள் நன்றாகப் பூசினாற்போல இருப்பார். டிவியைப் பார்த்தேன். எலும்பு தெரிந்தது. கடைக்கு வந்து ஒரிஜினலைப் போட்டுப் பார்த்தேன். தெரியவில்லை.

அதே வாரம் அழகி கடைக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை.

"அந்தத் தம்பி, நேத்து மழை பேஞ்சுச்சான்னு டிவியில கேக்குது. ஆச்சி பதில் சொல்லுது. நேத்துத்தானங்க இங்க மழை பேஞ்சுச்சு?"

"பழைய வீடியோவுல அப்பிடி இருக்கும். போங்க."

அப்படி ஒரு வரி எந்த ஃபைலிலும் கிடையாது. இருநூற்றுப் பதினான்கையும் வரி வரியாகக் கேட்டவள் நான். பயப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அலுப்புதான் வந்தது.

நாள், பண்டிகை என்று எதுவும் காட்டிக்கொடுக்காத ஃபைல் சித்திரைக்குத் தீர்ந்துவிட்டது. சுரண்டிச் சுரண்டி எடுத்ததில் ஐந்து துண்டுதான் தேறியது. அடுத்த மாதம் ஆச்சியிடம் என்ன சொல்வது? மது அக்காவுக்குப் போன் போட்டால், "எதையாவது பண்ணுங்க மணிமேகலை" என்று அழுதார். எதையாவது என்றால் எதை? பொய் சொல்வதற்கும் அந்த ஆளுடைய முகம் வேண்டுமே! உண்மை தெரிந்த நிமிடமே ஆச்சியின் நெஞ்சு நின்றுவிடும் என்றுதான் நாங்கள் இருவரும் நம்பியிருந்தோம்.

சனிக்கிழமை மதியம் 3:10. மெனு செய்ய உட்கார்ந்தேன். ஐந்து கட்டம். ஆறாவது வர வேண்டிய வலது கீழ் மூலை காலி. ஒவ்வொரு துண்டிலும் அவர் நேராகப் பார்க்கிற இடமாகத் தேடி நிறுத்தி, அந்தப் படத்தைக் கட்டத்தில் வைத்தேன். ப்ரிவியூ போட்டேன்.

ஒரு முகம்கூட நேராகப் பார்க்கவில்லை.

ஐந்தும் அந்தக் காலி மூலையைப் பார்த்தன.

வேறு இடம் தேடி வைத்தேன். 3:25. அதே பார்வை. இன்னொரு தடவை. 3:40. அதே.

வேறு யாராவது என்றால் கடையைச் சாத்திவிட்டு ஓடியிருப்பார்கள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பார்த்துட்டுப் போறார், விடு. அப்படியே டிஸ்க்கில் ஏற்றினேன். கிர்ர்ர்… என்று டிரைவ் சுற்றியது. பன்னிரண்டு நிமிடத்து வேலை. இருபத்து மூன்று நிமிடம் ஆனது. வெளியே எடுத்து அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். எழுதின பாகம் மட்டும் கொஞ்சம் கருத்துத் தெரியும். ஐந்து துண்டுக்குப் பாதி வட்டம்தான் கருத்திருக்க வேண்டும். ஓரம் வரை கருத்திருந்தது.

மறுநாள் ஞாயிறு. 12:05க்கு ஆச்சி வீட்டில் இருந்தேன். அழகி சமைத்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அவ்வளவு பெரிய வீட்டில் நானும் ஆச்சியும் மட்டும்தான்.

"வாத்தா. வெயில்ல வந்திருக்கே. மோர் இருக்கு, குடி."

"மொதல்ல இதப் போட்டுருவோம் ஆச்சி!" என்று காதருகில் கத்தினேன்.

டிஸ்க் உள்ளே போனது. மெனு வந்தது. நாதஸ்வரம், முப்பது நொடிக்கு ஒருமுறை திரும்ப வருகிற மாதிரி நான் வைத்தது. கட்டங்களை எண்ணினேன்.

ஆறு.

ஆறாவதில் முகம் இல்லை. ஒரு தரை. பளபளப்பான மரத்தரை. ஓரத்தில் ஒரு கட்டில் கால். யாரோ போனைத் தரையில் வைத்து எடுத்தது போல.

"இது புதுசா இருக்கே," என்றார் ஆச்சி.

நான் ரிமோட்டைத் தொடவில்லை. ஆச்சியும் தொடவில்லை. அது மேசை மேல் கிடந்தது.

மஞ்சள் கோடு நகர்ந்தது.

இரண்டு… மூன்று… நான்கு… ஐந்து…

ஆறு.

நாதஸ்வரம் பாதியில் அறுந்தது. மணி 12:20.

திரை முழுக்க அந்தத் தரை. அசைவு இல்லை. மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும். ஹ்ஹ்… ஹ்ஹ்… டிவி முழுச் சத்தத்தில் இருந்தது.

அப்புறம் குரல்.

"மணிமேகலை…"

கார்த்திகேயன் குரல். எட்டு மாதமாக வெட்டின குரல் எனக்குத் தெரியாதா?

"மணிமேகலை… இதை நீங்க பாக்க வேணாம். ஆத்தா மட்டும் பாக்கட்டும்."

ஆச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் பயமே இல்லை.

"ஒன்னையத்தான் சொல்றான். செத்த நேரம் வெளிய இருத்தா."

போனேன். கால் தானாகப் போனது. வாசற்கதவுக்கு வெளியே வெறுங்காலோடு நின்றேன். கல் சுடுகிறது என்று தெரிந்தது. வலிக்கவில்லை.

வீதி முனை வரை கேட்கிற டிவி… ஒரு சத்தமும் இல்லை.

ஆச்சியின் குரல் மட்டும்.

"ம்…"

கொஞ்ச நேரம்.

"ம்…"

12:27.

"ம்…"

12:31. ஒரே ஒரு தடவை சத்தமாக…

"நாலு நாளா?"

பிறகு எதுவும் இல்லை.

12:34க்கு உள்ளே போனேன். டிவியில் மெனு. நாதஸ்வரம். ஐந்து கட்டம். ஐந்திலும் அவர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆச்சி மூக்குக் கண்ணாடியை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டான்த்தா. எல்லாத்தையும் சொல்லிட்டான்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "எட்டு மாசமா நீ எம்புட்டுச் சிரமப்பட்டிருப்பே."

அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. "ஆமா ஆச்சி, ரொம்பச் சிரமம்" என்றேன். வாயில் அதுதான் வந்தது. அவர் கொடுத்த மோரைக் குடித்தேன். டிஸ்க்கை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன்.  பாதி வழியில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, குடித்த மோரையெல்லாம் வாந்தி எடுத்தேன்.

ஆச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றும் இருக்கிறார். நெஞ்சு தாங்காது, தாங்காது என்று நாங்கள் ஆடின கூத்தெல்லாம் வீண். அன்று சாயங்காலமே தலை முழுகிவிட்டு, அழகியை விட்டு மகளுக்குப் போன் போடச் சொல்லி, தான் பேச வேண்டியதை மட்டும் பேசிவிட்டு வைத்துவிட்டாராம்.

6:40க்கு மது அக்கா என்னைக் கூப்பிட்டார். கோபத்தில் மூச்சு வாங்கியது.

"நீங்கதான சொன்னீங்க?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

"அப்ப யாரு? 'எம்புள்ள நாலு நாள் கெடந்திருக்கான், அவனுக்குச் செய்ய வேண்டியதச் செய்யணும், கெளம்பி வா'ன்னு ஆத்தா சொல்றாக. நாலு நாளுன்னு ஆத்தாளுக்கு எப்பிடித் தெரியும்?"

"நாலு நாளா? ஆஸ்பத்திரியிலன்னுதானக்கா எங்கிட்ட சொன்னீங்க?"

 கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். ஆகவில்லை.

"ஆஸ்பத்திரி இல்லீங்க," என்றார் மெதுவாக. "வீட்டுலதான். தனியா விழுந்து கெடந்திருக்கான். ஞாயித்துக்கிழமைதான் கதவ ஒடச்சிருக்காங்க. இத நான் யார்கிட்டயும் சொல்லல. எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது."

நடந்ததை நான் சொன்னேன். மரத்தரை, கட்டில் கால், மூச்சு, என் பெயர். முடிப்பதற்குள் அவர் அழ ஆரம்பித்துவிட்டார்.

"போலீஸ் அவன் போனத் திருப்பிக் குடுத்தாங்க. அதுல கடைசியா ஒரு வீடியோ இருக்கு. யாருக்கும் அனுப்பாதது. தரையத்தான் காட்டுது. மொத வார்த்தையே உங்க பேருதான். அதுக்கு மேல என்னால பாக்க முடியல. பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன்."

எனக்கு ஒரு விதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. விழுந்து கிடந்த மனுஷன், உயிர் போவதற்குள் ஆத்தாளுக்கு ஒரு கடைசி வீடியோ எடுத்திருக்கிறார். மாதா மாதம் என் கையில் கொடுத்து வந்ததால், என்னிடம்தான் முதலில் சொல்லியிருக்கிறார். அது இந்த டிஸ்க்குக்கு எப்படி வந்தது என்று தெரியாது. ஆனாலும் எடுத்தது உயிரோடு இருந்தவர்தானே. அதையே மது அக்காவிடமும் சொன்னேன்.

"நானும் அப்பிடித்தாங்க நெனச்சேன்," என்றார். "ஆனா உயிர் போனது வியாழக்கிழமைன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு. அந்த வீடியோ எடுத்தது சனிக்கிழமை."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"உங்களுக்கு அனுப்பவா? என்ன சொல்லியிருக்கான்னு பாத்துச் சொல்றீங்களா?"

"வேணாம்க்கா," என்றேன். "பாக்க வேணாம்னு எங்கிட்ட சொல்லிட்டார்."