தொடையா, அணையா

கிளடிஸ் மன்னாரில் பிறந்து, பதினொரு வயதில் பெற்றோருடன் அகதியாக நெதர்லாந்துக்குப் போனவள். படித்ததெல்லாம் டச்சு மொழியில். அன்புராசாவைக் கலியாணம் செய்து ரொறன்ரோவுக்கு வந்தபின் அந்த மொழிக்கு வேலையில்லாமல் போயிற்று. மல்வேர்னில் குடியிருந்தபடி, மோர்னிங்சைட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்தாள்.

அங்கே புதிதாக வந்து சேர்ந்தவர் எட்வேட். இளவயதில் நெதர்லாந்திலிருந்து கனடாவுக்கு வந்தவர். பாரிசவாதத்தில் ஆங்கிலம் முழுக்கப் போய், தாய்மொழி மட்டும் மிஞ்சியிருந்தது. அதுவும் ஒரு சொல், இரு சொல்லாகத்தான் வரும்.

"அக்கா, உங்களுக்கு டச்சு தெரியுமெல்லே? உவர் காலமை தொடக்கம் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். என்னெண்டு ஒருக்காக் கேளுங்கோ," என்றாள் தாதி நதீஷா.

கிளடிஸ் குனிந்து காது கொடுத்தாள்.

"டெய்க்ராம்ப்," என்றார் எட்வேட்.

டெய் என்றால் தொடை. க்ராம்ப் என்றால் பிடிப்பு. "தொடை பிடிச்சிருக்காம்," என்றாள் கிளடிஸ்.

நதீஷா நோவுக்குக் குளிசை கொடுத்தாள். கிளடிஸ் தைலம் போட்டு உருவிவிட்டாள். வெயில் நாட்களில் அவர் பேசாமல் இருந்தார். மழை பெய்தால் மட்டும் அதே சொல். குளிருக்குத்தான் பிடிக்கிறது என்று இருவரும் நினைத்தார்கள்.

ஜூனில் விடாமழை. தைலத்தோடு வந்தவளின் கையை எட்வேட் மெல்ல விலக்கினார். ஜன்னலுக்கு வெளியே கரைமுட்ட ஓடிய ஓடையைக் காட்டினார்.

"டெய்க்," என்று நிறுத்தி, "ராம்ப்," என்றார்.

கடலைத் தடுக்கும் அணைக்கு டெய்க் என்று பெயர். ராம்ப் என்றால் பேரழிவு. டச்சுக்காரர் இரண்டு சொல்லை இடைவெளியின்றி ஒட்டிவிடுவார்கள். எப்படிப் பிரித்தாலும் அழுத்தம் முதல் அசையில்தான் விழும். நடுவில் நின்ற 'க்' எந்தப் பக்கத்துக்குச் சொந்தம் என்று அதுவரை அவளுக்குப் பிடிபட்டிருக்கவில்லை.

கிளடிஸ் கட்டில் விளிம்பில் இருந்து, அணை எப்போது உடைந்தது என்று டச்சில் கேட்டாள். அவர் துண்டு துண்டாகச் சொன்னார். அப்போது அவருக்குப் பத்து வயது. அணையைப் பார்த்துவரப் போன தகப்பன் திரும்பவில்லை. தாயும் அவரும் கூரையில் ஏறித் தப்பினார்கள்.

கிளடிஸ் அதை நதீஷாவுக்குத் தமிழில் சொன்னாள். "ஓடை தெரியாத ரோட்டுப் பக்கத்து ரூமுக்கு மாத்திவிடுவமே?" என்றாள் நதீஷா.

கிளடிஸ் அவரிடம் கேட்டாள். அவர் தலையாட்டி மறுத்தார்.

"வேண்டாமாம். தண்ணி ஏறுதோ எண்டு ஆராவது பாத்துக்கொண்டு இருக்கவேணுமாம்."

நதீஷா டாக்டரிடம் சொல்லிக் குளிசையை நிறுத்தினாள். மழை நாட்களில் கிளடிஸ் தேநீர் இடைவேளையை அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் கழித்தாள். ஓடையைப் பார்த்து, தண்ணீர் இன்னும் கரைக்குக் கீழேதான் இருக்கிறது என்று டச்சில் சொல்வாள். அவர் தானும் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்வார்.