பாய் சொன்ன ஒரே ஒரு பிரமாதம்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செருப்புக்கடை வைத்திருந்த ஹபிபுல்லா பாய்க்குக் காது இரண்டுதான் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாசலில் லாரிக்காரன் ஆரன் அடிப்பான், டீக்கடையில் பாத்திரம் உருளும், கீரைக்காரி கண்டக்டரோடு சண்டை பிடிப்பாள். அத்தனைக்கும் நடுவில் டேப்ரிக்கார்டரில் ஓடும் பாட்டில், பின்வரிசை வயலின்காரர் வில்லைச் சற்றுத் தாமதமாக எடுத்தார் என்று பாய் முகம் சுளிப்பார்.

சொந்த ஊர் லெப்பைக்குடிக்காடு. அந்த ஊர் இளவட்டங்களைப் போலவே அவரும் துபாய்க்குப் போனார். மற்றவர்கள் நகையோடு திரும்பினார்கள். அவர் தொண்ணூற்றைந்தில் இரண்டு பெட்டி நிறையக் கேசட்டோடு வந்து இறங்கினார். மனைவி சாகிரா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏங்க, இதுல எதைக் கழுத்துல மாட்டிக்கிறது?" என்று கேட்டதாகச் சொல்வார்கள்.

செருப்பு வாங்க வருகிறவர்களை விட, கையில் கேசட்டோடு கருத்துக் கேட்க வருகிறவர்கள் அதிகமானார்கள். பாய் 'ச்சு' கொட்டினால் துறையூர் வரைக்கும் அந்தக் கேசட் படுத்துவிடும். ஒருநாள் அவர் தும்மியதைப் பார்த்துவிட்டு அரியலூர்க் கடைக்காரர் ஒருவர் ஒரு பெட்டி சரக்கை அப்படியே மெட்ராசுக்குத் திருப்பி அனுப்பினார். நம்ப வேண்டாம். ஆனால் தும்மல் உண்மை.

குரும்பலூரிலிருந்து ஒரு காலேஜ் பையன் இங்கிலீஷ் ராக் கேசட் கொண்டுவந்தான். முழுக்கக் கேட்டுவிட்டு பாய் சொன்னார்: "முத பாட்டுல அழுவுறான். ரெண்டாவதுல கோவப்படறான். மூணாவதுல எதுக்கு அழுதோம்னு அவனுக்கே மறந்துபோச்சு. கிட்டார்க்காரன் மட்டும் மறக்கலை தம்பி. அவனுக்காக வச்சுக்க."

கஜல் பற்றிக் கேட்டால், "நல்ல தோலு. ஆனா பெருநாளைக்குப் போடற செருப்பு. தினம் போட்டா மனுசன் வேலைக்குப் போவ மாட்டான்" என்பார். மிஷின் தாளத்தில் வந்த புதுச் சினிமாப் பாட்டுக்கு, "பாலீஷு ஜோரு, உள்ளே அட்டை. மழையில நடந்து பாரு, தெரியும்." இந்தி பாப் ஆல்பம் என்றால் எரிந்தே விழுவார். "ஒரே பாட்டை எட்டுத் தடவை பாடிட்டு ஆல்பமாம். ஒத்தைச் செருப்பைக் காட்டி ஜோடின்னு விப்பேனா நானு?"

சொந்தக்காரரையும் விடவில்லை. மச்சினன் அஸ்ஃபாக் பக்திப் பாட்டுக் கேசட் ஒன்றைப் பயபக்தியோடு கொண்டுவந்து கொடுத்தான். "சொல்றது நல்ல சேதிதான், மறுக்கலை. ஆனா தபேலாக்காரர் திருச்சி வண்டியைப் புடிக்க ஓடறாரே" என்றார் பாய். அஸ்ஃபாக் அன்றிலிருந்து அந்த வீட்டில் சோறு தின்னவில்லை. ரிட்டயர்டு தாசில்தார் சிவசுப்பிரமணியன் கொடுத்த கர்நாடகக் கச்சேரிக்கும் அதே கதிதான். "வித்வானுக்குத் தொண்டை கட்டியிருக்கு சார். அதை மறைக்கத்தான் ஸ்வரமாக் கொட்டறாரு." தாசில்தார் அதன்பிறகு செருப்பைத் திருச்சியில் வாங்கிக்கொண்டார்.

"வாயைக் கட்டுனா வியாபாரம் நடக்குமில்ல?" என்பாள் சாகிரா.

"பாட்டு விசயத்துல எங்க அத்தாவுக்கே நான் பொய் சொன்னதில்ல."

அதுவும் உண்மைதான். அவர் அத்தா படுத்த படுக்கையாகக் கிடந்து மௌத்தாவதற்கு முந்தின வாரம் ஒரு பாட்டை முணுமுணுத்திருக்கிறார். அப்போதும் மகன் சுருதியைத் திருத்தியிருக்கிறார்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் சிங்காரவேலு சிநேகிதரானார். ஆண்டிமடத்தில் அவருக்கு முந்திரித் தோப்புகள் இருந்தன. ஒரு ஜோடி செருப்பு வாங்க வந்தவர், ஓடிக்கொண்டிருந்த பாட்டில் சொக்கி, கடைசி பஸ்ஸுக்குத்தான் எழுந்தார். பிறகு மாதம் ரெண்டு தடவையாவது வந்துவிடுவார். இவர் பாயை மச்சான் என்பார், பாய் இவரை மாப்ள என்பார். சிங்காரவேலு மார்கழி பஜனையில் பாடுகிறவர். அவர் மேல்ஸ்தாயிக்குப் போனால் மரத்திலிருந்து முந்திரிப்பழம் தானாக உதிரும் என்று ஆண்டிமடத்தில் சொல்வார்கள். பாராட்டாகச் சொல்வதில்லை.

தொண்ணூற்றொன்பதில் சிங்காரவேலு கீழத்தோப்பை விற்றார். திருச்சி ஸ்டுடியோ ஒன்றில் 'முந்திரிக்காட்டு அம்மன் பாமாலை' என்று சொந்தக் குரலில் ஆல்பம் போட்டார்.

கேசட் வெளியே வருமுன்பே அவர் மனைவி தனம் பஸ் ஏறிப் பெரம்பலூர் வந்துவிட்டாள். செருப்பு பார்க்கிற பாவனையில் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, நாளைக்கு அவரு கேசட்டோட வருவாரு. நீங்க கேட்டுட்டு உள்ளதைச் சொல்லிடுங்க."

"நான் என்னைக்குத் தங்கச்சி உள்ளதைச் சொல்லாம இருந்தேன்?"

"அதுக்குத்தான் வந்தேன். நான் சொன்னா பொறாமைங்கிறாரு. அவங்க அண்ணன் சொன்னா பங்காளிப் புத்திங்கிறாரு. ரெண்டாவது வால்யூம் போடணும்னு ரோட்டோரத் தோப்புக்கு இப்பவே ஆள் பேசிட்டாரு. நாங்க சாப்பிடறது அதுலதாண்ணே. நீங்க நல்லால்லன்னு ஒரு வார்த்தை சொன்னா நிறுத்திருவாரு."

"நல்லாயிருந்தா?"

தனம் சிரித்துவிட்டாள். "நான் அந்த மனுசனோட குளியலறைக்குப் பக்கத்துல பதினஞ்சு வருசமா சமைக்கிறேண்ணே."

பாயும் சிரித்தார். "போயிட்டு வா தங்கச்சி. நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் சிங்காரவேலு சலவை வேட்டியும் பலாப்பழமுமாக வந்தார். பாய் கேசட்டைப் போட்டு, வழக்கம்போலக் கண்ணை மூடி, கையைத் தொடையில் வைத்தார். சாகிரா டீ டம்ளரோடு உள்வாசலில் நின்றாள்.

பாட்டுக்கு முன்னால் கனத்த குரலில் ஒருவர் பேசினார். அம்மன் அருள், தாய் தந்தையர், குருநாதர் எல்லாரையும் சொல்லிவிட்டு: "இந்த ஒலிநாடா, எங்களுக்கு இசையின் கண் திறந்த பெரம்பலூர் இசைமேதை ஹபிபுல்லா பாய் அவர்களுக்குக் காணிக்கை."

பாயின் கண் திறந்துகொண்டது. இத்தனை வருஷமாக உலகத்துக் கேசட்டையெல்லாம் உரித்துப் போட்டவர். ஒரு கேசட்டுக்குள்ளிருந்து யாரும் அவர் பெயரைச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு பாட்டு வந்தது. ஆர்கன் ஒரு பக்கம் போக, பம்பை ஒரு பக்கம் போக, நடுவில் சிங்காரவேலு தனியாக மரம் ஏறிக்கொண்டிருந்தார். முடிந்ததும் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி கேட்டார்:

"சொல்லுங்க மச்சான். எதுவானாலும் சொல்லுங்க."

பாய் செருப்பு அடுக்கைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார்.

"பிரமாதம் மாப்ள."

சிங்காரவேலு அழுதேவிட்டார். அவர் போனபிறகு சாகிரா ஆறிப்போன டீயை எடுத்தாள்.

"உங்க பேரு வந்ததுக்கு அப்புறம் நீங்க எதையும் கேக்கலைங்க."

"முத தடவை பாடறான். போகப் போகச் சரியாவும்."

"அந்தப் புள்ள நேத்து வந்து அவ்ளோ சொல்லிட்டுப் போச்சு."

பாய் கேசட்டை முதலுக்குச் சுற்றிவிட்டார். மறுபடி முன்னுரையைக் கேட்டார்.

ரோட்டோரத் தோப்பு போயிற்று. வால்யூம் இரண்டு வந்தது. 'ஹபிபுல்லா பாயே பிரமாதம்னுட்டாரு' என்று சிங்காரவேலு செந்துறை, அரியலூர் என்று ஒரு கடை விடாமல் வைத்துவிட்டு வந்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களோடு பாய் சண்டை போட்டார். ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க அவர் பேசிய பேச்சில், ஜனங்களுக்கு அவர் முன்பு சொன்ன உண்மைகளின் மீதே சந்தேகம் வந்துவிட்டது. அஸ்ஃபாக் மட்டும் மறுபடி சோற்றுக்கு வரத் தொடங்கினான். வால்யூம் மூன்றுக்கு வீட்டுக் கொல்லை போயிற்று. அதற்குள் ஒரே தட்டில் நூறு பாட்டு என்று சி.டி. வந்து, கேசட்டைத் தொட ஆளில்லை. விற்காததெல்லாம் சாக்குச் சாக்காக ஆண்டிமடத்துக்கே திரும்பியது. சிங்காரவேலு பெரம்பலூர் வருவதை நிறுத்தினார். பாய் போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவது?

இரண்டாயிரத்து ஆறில் ஒரு கல்யாணத்துக்காக ஆண்டிமடம் போனார். ரோட்டிலிருந்து உள்ளே நடக்கையில் ஒரு மக்காச்சோளக் கொல்லை. கதிர் பிடித்திருந்தது. கொல்லைக்குக் குறுக்கே குச்சிக்குக் குச்சி, பழுப்பு நிறத்தில் மினுமினுவென்று கேசட் நாடா இழுத்துக் கட்டியிருந்தது. காற்று வந்தபோது அது 'ம்ம்ம்' என்று ஒரே சீராக முனகியது. அவர் நின்றுவிட்டார். அந்தக் காதுக்கு நிற்காமல் போகத் தெரியாது.

"வாங்கண்ணே."

வரப்பிலிருந்து தனம் எழுந்தாள். முந்திரி உடைத்து உடைத்து, ஓட்டு எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்துத் தோல் உரிந்திருந்தன. கூலிக்குக் கொல்லை காக்கிறாள்.

"மூணு வால்யூமும் கட்டியிருக்கேன். கிளி ஒண்ணு அண்டறதில்ல. அதுக்காவது உள்ளது தெரிஞ்சிருக்கு பாருங்க."

பாய் தலையைக் குனிந்துகொண்டார். "மாப்ள எங்கம்மா?"

"திருப்பூர்ல. பனியன் கம்பெனி கேட்டுல வாச்மேனா நிக்கிறாரு."

"நான் போயிப் பாக்குறேன். போயி, அன்னைக்கு நான் சொன்னது பொய்யின்னு..."

"வேணாம்." தனம் குரலை உயர்த்தவில்லை. "சொல்ல வேண்டிய அன்னைக்குச் சொல்லுங்கன்னு வந்து கெஞ்சுனேன். இப்ப சொல்லி என்ன ஆவப்போவுது? கேட்டுல வர்றவன் போறவன்கிட்டல்லாம், ஹபிபுல்லா பாயே பிரமாதம்னாருன்னு சொல்லிக்கிட்டு நிக்கிறாராம். அவருகிட்ட மிச்சமிருக்கிறது அது ஒண்ணுதான். அதையும் புடுங்கிடாதீங்க."

காற்று மறுபடி வந்தது. நாடா முனகியது. மூன்று வால்யூமில் சுருதி சேர்ந்தது அங்கே மட்டும்தான். அதை யாரிடம் சொல்வது?

பாய் கல்யாணத்துக்குப் போகவில்லை. திரும்பும் பஸ்ஸில் டிரைவர் புதுப்படப் பாட்டைச் சத்தமாகப் போட்டிருந்தார். ஆள் தெரிந்த கண்டக்டர் பக்கத்தில் வந்து, "பாய், இது எப்படி? கிழிங்க பாப்போம்" என்றார்.

"நல்லாயிருக்கு."

அதற்கப்புறம் யார் எதைக் கொண்டுவந்து காட்டினாலும் அதே பதில்தான். கஜலானாலும் நல்லாயிருக்கு, மிஷின் தாளமானாலும் நல்லாயிருக்கு. வயசானதும் மனுஷன் எவ்வளவு பக்குவப்பட்டுவிட்டார் என்று பெரம்பலூரில் எல்லாருக்கும் சந்தோஷம். தாசில்தார்கூடச் செருப்பு வாங்க மறுபடி அங்கே வந்தார். சாகிரா மட்டும் அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் டீ டம்ளரை நங்கென்று வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.