தாளாளர் அம்மா கொடுத்த அல்வா

திங்கட்கிழமை காலை முதல் மணி அடிப்பதற்கு முன்பே ஆசிரியர் அறைக்குள் பெரிய எவர்சில்வர் டப்பா ஒன்று வந்துவிடும். அதைத் தூக்கிக்கொண்டு சமையல்கார அக்கா முன்னால் வர, பின்னால் தாளாளர் அம்மா வருவார். பெரம்பலூரில் நான் கணக்கு டீச்சராக வேலை பார்த்த தனியார் பள்ளிக்கூடம் அவருடையது. நாங்கள் எழுந்து நிற்போம். அவர் உட்காரச் சொல்ல மாட்டார். ஒரு வாரம் சோமாசி, ஒரு வாரம் பாதுஷா, ஒரு வாரம் கேக் என்று ஒவ்வொருவர் கையிலும் அவரே எடுத்து வைப்பார். வாங்கியவர் அங்கேயே, அவர் கண் முன்னால் தின்ன வேண்டும். "எங்கையால தின்னவங்க யாரும் எனக்கு எதிரா பேசுனதில்ல" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். முதல் இரண்டு வருடம் நானும் சிரித்தேன். அவர் கை தாராளம் என்று பெரம்பலூரில் இன்றும் சொல்கிறார்கள். சொல்லட்டும். அந்தக் கை எனக்குச் செய்ததை நான்தான் சொல்ல வேண்டும்.

எனக்குப் பூலாம்பாடிப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் சின்ன வெங்காயம் பிடுங்கியும் மக்காச்சோளம் ஒடித்தும் என்னைப் படிக்க வைத்தார்கள். வீட்டில் அரிசிச் சோறு, இல்லாவிட்டால் கம்பங்கூழ். ரேஷனில் எப்போதாவது வாங்கும் கோதுமை கோழிக்குத்தான் போகும். சப்பாத்தியையும் பூரியையும் நான் முதலில் ஒழுங்காகப் பார்த்தது காலேஜ் ஹாஸ்டலில். அங்கே போன பிறகுதான் வயிறு கெட்டது. வயிற்றுப்போக்கு, உப்பல், மயக்கம். யாரும் சாப்பாட்டைச் சந்தேகப்படவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்தன. இரண்டாவது கலைந்தபோது முப்பத்தெட்டு கிலோ இருந்தேன். ஊரில் டிபி என்றார்கள், மாமியார் வீட்டில் செய்வினை என்றார்கள். திருச்சியில் ஒரு டாக்டரம்மாதான் இரத்தத்தையும் குடலையும் சோதித்துப் பார்த்து, கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்ற சத்து என் குடலை அரிக்கிறது, இதற்குச் சீலியாக் என்று பெயர், மருந்து கிடையாது, கோதுமை, மைதா, ரவை, சேமியா எதையும் ஆயுசுக்கும் தொடக்கூடாது என்றார். "கொஞ்சூண்டு கூடவா டாக்டர்?" என்று கேட்டேன். "கொஞ்சூண்டு கூட" என்றார்.

நான் அழவில்லை. எனக்குப் பிடித்ததெல்லாம் எதில் செய்தது என்று பஸ்ஸில் வரும்போதே விரல் விட்டு எண்ணினேன். அதிரசம் அரிசி. இடியாப்பம் அரிசி. ஜாங்கிரி உளுந்து. முந்திரி கேக்கில் முந்திரியும் சர்க்கரையும்தான். நான் பட்டினி கிடக்கப்போவதில்லை என்று புரிந்தது. கேட்டுச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கேட்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த திங்கட்கிழமை தாளாளர் அம்மா பாதுஷாவை நீட்டியபோது, டாக்டர் சொன்னதை எல்லார் முன்னாலும் பணிவாகச் சொன்னேன். நீட்டிய கை அப்படியே நின்றது. அந்த அறையில் அதற்கு முன் யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை போலும். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒங்க ஆத்தா எங்க காட்டுல வெங்காயம் புடுங்க வரப்ப, மிச்சம் மீதி எது குடுத்தாலும் முந்தானையில வாங்கிட்டுப் போவா. ஒனக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு பணக்கார வியாதி?"

அவர்கள் காட்டில் என் அம்மா வேலை செய்தது உண்மை. அந்த அறையில் இருந்த பதினோரு பேருக்கும் அது தெரியாது. அன்று தெரிந்துகொண்டார்கள். அவர் பாதுஷாவை டப்பாவில் திருப்பிப் போட்டுவிட்டு அடுத்தவரிடம் போனார். அதற்குப் பிறகு திங்கட்கிழமைதோறும் என் முன்னால் வந்து நின்று, "இவளுக்கு நம்ம வூட்டுப் பண்டம் ஆவாது" என்று சொல்லிவிட்டு நகர்வார். பள்ளிச் சுற்றுலாவில் ஹோட்டலுக்குப் போனால், நான் சப்ளையரிடம் விசாரிக்க ஆரம்பித்ததும், "மகாராணிக்கு என்ன வேணுமாம்?" என்று மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். நான் வெறும் சோறும் தயிரும் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன். நாற்பது பேர் சாப்பிடும் இடத்தில் நான் கேட்கும் ஒரு கேள்வி அவருக்குத் தன் அதிகாரத்தையே கேள்வி கேட்டதாகப் பட்டது. இதை நான் பின்னால் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அன்றே தெரியும். தெரிந்தும் சம்பளத்துக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கோதுமையை விட்ட எட்டாம் மாதம் மூன்றாவது முறையாகக் கருத்தரித்தேன். உடம்பு தேறியிருந்தது. ஐந்தாம் மாதம், ஆண்டு விழாவுக்கு முந்தைய நாள், தாளாளர் அம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு சின்னக் கிண்ணம், அதில் நெய் மினுங்க அல்வா.

"உக்காரு" என்றார். அவர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. "புள்ளத்தாச்சி வாயில ஒண்ணும் போடாம இருந்தா எனக்குத்தான் பாவம். ஒனக்குன்னே தனியா செய்யச் சொன்னேன். ஆண்டிமடத்து முந்திரி. சுத்த முந்திரி அல்வா."

"கோதுமை சேக்கலீங்களே மேடம்?"

"ஒரு பொட்டு கெடையாது. எம்மேல நம்பிக்கை இல்லையா?"

நம்பினேன். அதுமட்டுமில்லை, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை நாள் கழித்து எனக்கென்று யோசித்து ஒருவர் செய்திருக்கிறாரே என்று நெஞ்சு நெகிழ்ந்தது. கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டேன். அல்வா நன்றாகவே இருந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அந்த நன்றியை நினைத்தால்தான் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

சாயங்காலம் பஸ் பூலாம்பாடி போய்ச் சேருவதற்குள் வயிறு பிசைய ஆரம்பித்தது. பிறகு வாந்தி, நிற்காத பேதி. என் கணவர் ஆட்டோ பிடித்துப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கே திரும்பக் கொண்டுவந்தார். நான்கு நாள் குளுக்கோஸ் ஏறியது. அந்த வாரம்தான் பிள்ளை அசைவது எனக்கு லேசாகத் தெரியத் தொடங்கியிருந்தது. படுக்கையில் அது நின்றுபோனது. ஸ்கேன் பார்த்து இதயத்துடிப்பு இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகும் நான் நம்பவில்லை. ஏற்கெனவே இரண்டு முறை அதே கட்டிலைப் போன்ற கட்டிலில் படுத்து வெறும் வயிற்றோடு வீட்டுக்குப் போனவள் நான். கையை வயிற்றில் வைத்துக்கொண்டு கிடந்தேன். நான்காம் நாள் காலையில் உள்ளே ஒரு சின்ன உதை விழுந்தது.

பார்க்க வந்த சமையல்கார அக்கா கட்டிலோரம் நின்று அழுதது. "டீச்சர், சம்பா கோதுமைய ஊற வச்சிப் பாலெடுத்துத்தான் கிண்டுனோம். முந்திரிய மேல தூவுனதோட சரி. 'அவகிட்ட சொல்லாத, என்ன ஆவுதுன்னு பாப்பம்'னு மேடந்தான் சொன்னாங்க. எனக்கு வெவரம் தெரியாது டீச்சர்."

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன். டப்பா வந்தது. தாளாளர் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தியா? தின்ன. உசுரோடதான நிக்கிற? எல்லாம் மனசுதான்."

"எம் புள்ளய வச்சிப் பரிசோதனை பண்ணுனீங்களா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் முகம் கறுத்தது. ஆசைப்பட்டுச் செய்து கொடுத்ததற்கு இதுதான் மரியாதையா என்றார். அறையிலிருந்த பதினோரு பேரும் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ராஜினாமாவை எழுதி மேசையில் வைத்துவிட்டு வந்தேன். வேலையில் சேரும்போது வாங்கி வைத்துக்கொண்ட என் அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தர என்னை ஐந்து முறை அலையவிட்டார். நிறைமாதத்தில், பங்குனி வெயிலில், அவர் அறை வாசலில் நிற்க வைத்தார். ஐந்தாவது முறை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவேன் என்றேன். உடனே கிடைத்தது.

மகள் பிறந்தாள். அரியலூரில் வேறு வேலை கிடைத்து அங்கேயே குடிவந்தோம். மகளுக்கு ஐந்து வயதில் இரத்தத்தைச் சோதித்தபோது அவளுக்கும் அதே நோய் என்று தெரிந்தது. அவளை நான் வெறும் தயிர்ச்சோற்றில் வளர்க்கப்போவதில்லை என்று அன்று முடிவு செய்தேன். ஹோட்டல் ஹோட்டலாக ஏறி இறங்கினேன். பரோட்டா போடும் கல்லில்தான் பல இடங்களில் தோசையும் சுடுகிறார்கள். சாம்பாரில் போடும் கட்டிப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும். முறைத்தவர்கள் உண்டு, "அப்ப வூட்டுலயே சாப்புடுங்க" என்றவர்கள் உண்டு. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஹோட்டல் மாஸ்டர் மட்டும் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, தனியாக ஒரு கல்லை அடுப்பில் போட்டார். சாம்பார் வேண்டாம், தேங்காய்ச் சட்னி, நெய் தோசை. ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று. முதல் நாள் மகள் மூன்று தின்றாள். இப்போது சனிக்கிழமை காலை டிபன் அங்கேதான். முடிந்ததும் பக்கத்துக் கடையில் ஆளுக்கு இரண்டு முந்திரி கேக். அதையும் விசாரித்துத்தான் வாங்குகிறேன்.

போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. கல்லங்குறிச்சிப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தவர்களால் ஹோட்டல் நிரம்பியிருந்தது. எங்கள் மேசை அருகே நிழல் விழ, நிமிர்ந்தேன். தாளாளர் அம்மா. முடி முழுக்க நரைத்து, ஒரு கையில் ஊன்றுகோல். மறு கையில், கல்லாவில் வாங்கிய பால்கோவா பொட்டலத்தின் மேல் இரண்டு சோன்பப்டி.

"நீதானா? இது ஓம் மவளா? நல்லாத்தான வளந்திருக்கா" என்றார். பிறகு ஊன்றுகோலை மேசையோரம் சாய்த்துவிட்டு, சோன்பப்டி ஒன்றை எடுத்துக் குழந்தையின் வாயருகே நீட்டினார். "ஆ காட்டு தங்கம்."

சோன்பப்டியில் மைதா. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். எலும்பு மட்டும்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"இன்னும் அந்தக் கதையேதானா? ஆசையாத்தான குடுக்கறேன்" என்றார்.

"தெரியுங்க. அன்னிக்கும் ஆசையாத்தான் குடுத்தீங்க. போங்க."

சுற்றிலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வயதான பெண்மணியின் கையைப் பிடித்திருக்கும் என்னைத்தான் அவர்கள் கெட்டவளாக நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும் என்று இருந்தது. அவர் சோன்பப்டியைப் பொட்டலத்தில் திரும்ப வைத்துக்கொண்டு, ஊன்றுகோலை எடுத்துத் தட்டியபடி வாசல் பக்கம் போனார். அவருக்காக எனக்கு இரக்கம் வருகிறதா என்று ஒரு நிமிடம் பார்த்தேன். வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

மகள் என்னையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்தப் பாட்டி கெட்டவங்களாம்மா?"

அப்படிச் சொல்லக்கூடாது, பெரியவங்க, என்றுதான் யாரும் சொல்வார்கள்.

"ஆமா" என்றேன்.

தோசை ஆறிப்போயிருந்தது. மாஸ்டரைப் பார்த்துக் கையைத் தூக்கி, சூடாக இன்னும் இரண்டு சொன்னேன்.