பொதுச் சேனலில் விழுந்த சொல்

'பொட்டை' என்ற சொல்லை முதலிலேயே எழுதிவிடுகிறேன். புள்ளி வைத்து மறைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது. முப்பது வருடமாக அதை என் மேல் எறிந்தவர்கள் ஒருவரும் கூச்சப்பட்டதில்லை. நான் மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும்?

எட்டாம் வகுப்பில் டிரில் வாத்தியார்தான் ஆரம்பித்து வைத்தார். தாமிரபரணிப் பாசனத்தில் வயல்களுக்கு நடுவே இருந்த பள்ளிக்கூடம். நான் ஓடுகிற விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டு மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி அந்தச் சொல்லைச் சொன்னார். அன்று சாயங்காலம் பஸ்ஸில் சொன்னார்கள், மறுநாள் கடையில் சொன்னார்கள், ஒரு மாதத்தில் அப்பா காதுக்குப் போய்விட்டது. அப்பா வாத்தியாரைப் போய்க் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார். "நீ ஒழுங்கா நடந்தா அவன் ஏம்ல சொல்லுதான்?" அந்த ஒரு கேள்விக்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

வேலை கிடைத்துத் தூத்துக்குடி வந்து, முத்தையாபுரத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். துறைமுகத்தை ஒட்டிய ஒரு கண்டெய்னர் யார்டில் இரண்டாம் கேட்டில் நின்று, வருகிற கண்டெய்னர் பெட்டிகளின் நம்பரையும் கதவில் போட்டிருக்கும் சீல் முத்திரையையும் சரிபார்ப்பது என் வேலை. அங்கே லாரிகளை எடை போடுகிற எடைமேடையில் இருந்தவன்தான் என் சிநேகிதன். கீழவைப்பாரில் கடலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. அவனும் என்னைப் போல ஆண்களை விரும்புகிறவன் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. எங்களுக்குள் காதல் கீதல் ஒன்றும் கிடையாது. சொன்னால் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும்.

ஒருமுறை டைஃபாய்டு வந்து படுத்துவிட்டேன். ஊருக்குத் தகவல் சொல்ல மனமில்லை. அவன் வந்தான். அறையில் நான் ஸ்டவ் வைத்திருந்த மூலைக்கு அவர்கள் ஊரில் சமையலறையைச் சொல்கிற மாதிரி 'குசினி' என்று பெரிய பட்டம் கொடுத்து, அங்கே உட்கார்ந்து கஞ்சி வைத்தான். கிண்ணத்தை நீட்டி, "எந்திரி ஏளா பொட்ட, ரெண்டு வாய் குடி" என்றான். ஒரு நொடி எனக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது. ஆனால் அவன் முகத்தில் கேலி இல்லை. வீட்டில் ஒருத்தி தன் தங்கச்சியை 'ஏளா' என்று எழுப்புகிற மாதிரி அப்படியே கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நின்றான். நான் சிரித்தேன், அப்புறம் அழுதேன், கஞ்சியையும் குடித்தேன். அன்றிலிருந்து அவனுக்கு நான் பொட்டை, எனக்கு அவன் பொட்டை. வேறு யாரும் என்னை அவ்வளவு வாஞ்சையாகக் கூப்பிட்டதில்லை.

எங்களுக்கு வேண்டிய ஒரு திருநங்கை அக்கா இருந்தார். கல்யாண வீடுகளுக்குச் சமையலுக்குப் போகிறவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் இரண்டு பேருக்கும் அவர் வீட்டில்தான் சாப்பாடு. அவர் காதில் மட்டும் இந்தச் சொல் விழக்கூடாது. விழுந்தால் கரண்டி பறக்கும்.

"அதச் சொல்லித்தாம்ல என்னய வீட்ட விட்டு வெரட்டுனானுவ. தலமுடியப் புடிச்சு அறுத்தப்பவும் அதத்தான் சொன்னானுவ. நீங்க என்னடான்னா இங்கன உக்காந்து அத வச்சுக் கொஞ்சிக்கிட்டு இருக்கிய."

"அவனுவ எறிஞ்ச கல்ல எடுத்து நாம அடுப்புக் கூட்டிக்கிட்டோம்க்கா" என்றான் என் சிநேகிதன்.

"அந்த அடுப்புல பொங்குன சோறு எனக்கு எறங்காது. இன்னொரு தடவ சொன்னா வாசப்படி ஏறாதிய."

யார் பக்கம் நியாயம் என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. அவர் பட்ட அடியில் பாதிகூட நாங்கள் பட்டதில்லை. அவர் வீட்டில் மட்டும் அந்தச் சொல்லைப் பேசுவதில்லை என்று எங்களுக்குள் முடிவு செய்துகொண்டோம்.

யார்டில் எல்லோர் கையிலும் ஒரு வாக்கி டாக்கி இருக்கும். ஒன்றாம் சேனல் பொது. அதில் பேசினால் கேட், எடைமேடை, கிரேன், ஆபீஸ் எல்லோருக்கும் கேட்கும். ஆள் பெயர் சொல்லக்கூடாது, நிற்கிற இடத்தைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது அங்கே ஒழுங்கு. நான் 'கேட் ரெண்டு', அவன் 'எடைமேடை'. வண்டி வராத நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஏழாம் சேனலுக்கு மாறிக்கொண்டு ஊர்க்கதை பேசுவோம். அந்தச் சேனலை வேறு யாரும் எடுப்பதில்லை.

ஆடிக் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ஒரு பெட்டியின் பின்கதவுக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து சீல் நம்பரை எழுதிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் இன்னொரு டிரெய்லர் ரிவர்ஸில் வந்தது. காற்றின் இரைச்சலில் எனக்கு வண்டிச் சத்தமே கேட்கவில்லை. டிரைவருக்கு நான் இருப்பது தெரியவில்லை. எடைமேடை ஜன்னலில் இருந்தவன் மட்டும் பார்த்துவிட்டு, வாக்கி டாக்கியில் கத்தினான்.

"ஏளா பொட்ட! பின்னால வண்டி! ஓடு!"

துள்ளி விலகினேன். நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இரும்பும் இரும்பும் மோதின. அவன் 'கேட் ரெண்டு' என்று கூப்பிட்டிருந்தால் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அது நாள் முழுக்கக் காதில் விழுகிற பெயர். எழுதுகிற நம்பரை முடித்துவிட்டு மெதுவாகத்தான் தலையைத் தூக்கியிருப்பேன்.

அந்தப் பதற்றத்தில் எந்தச் சேனலில் இருக்கிறோம் என்று அவன் பார்க்கவில்லை. இரண்டு பேருமே ஒன்றில் இருந்திருக்கிறோம். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன், கையில் இருந்த வாக்கி டாக்கியிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அப்புறம் இன்னொன்று. பிறகு யாரோ குரலைக் கீச்சாக்கிக்கொண்டு, "ஏளா பொட்ட" என்றார்கள். ஆள் இருக்கிறானா செத்தானா என்று ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து டிரைவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னார்கள். கிரேனிலிருந்து சொன்னார்கள். டீக்கடை வரைக்கும் போய்விட்டது. எட்டாம் வகுப்பு மைதானத்தில் மறுபடியும் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். நான் அண்ணாச்சி என்று மரியாதையோடு கூப்பிட்டுவந்த சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"நீங்களே ஒருத்தர ஒருத்தர் அப்படித்தான கூப்பிட்டுக்கிடுதிய. நாங்க சொன்னா மட்டும் குத்துதோ?"

பெரிய சட்ட நுணுக்கத்தைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி ஒரு முகம். இந்தக் கேள்வியை அவருக்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் வீட்டுக்காரி உங்களை எப்படிக் கூப்பிடுகிறாளோ, அப்படி நான் நடுரோட்டில் நின்று கூப்பிட்டால் விடுவீர்களா? வாங்கி அனுபவித்தவன் அந்தச் சொல்லை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்வான். எறிந்த கைக்கு அதில் என்ன பாத்தியதை?

ஆபீஸுக்குப் புகார் எழுதிக் கொடுத்தேன். நாலு நாளில் மெமோ வந்தது. என் சிநேகிதனுக்கு! பொதுச் சேனலில் அநாகரிகமான சொல்லைப் பயன்படுத்தினானாம். என்னைக் கூப்பிட்டு, தயாராக டைப் அடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தை நீட்டினார் அதிகாரி. எடைமேடை ஊழியர் என்னை இழிவாகப் பேசினார், நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது.

"மொதல்ல சொன்னது அவர்தான? சைன் பண்ணுங்க. அவர நிப்பாட்டிட்டா இஷ்யூ க்ளோஸ்."

என் உயிரைக் காப்பாற்றியவனின் வேலையை என் கையெழுத்தாலேயே பிடுங்கப் பார்த்தார்கள். நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிக் காகிதத்தை வாங்கிக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொல்லச் சொல்ல, "நான் அன்னைக்கே சொன்னேம்லா, சொன்னேம்லா" என்று தலையில் அடித்துக்கொண்டார். காகிதத்தைப் படித்துக் காட்டியதும் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

"அவன் அப்படிச் சொல்லுதது எனக்கு ஆகாது. அது நம்ம வீட்டுச் சண்ட. இவனுவ யாரு நடுவுல?"

மறுநாள் அந்தக் காகிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. வெள்ளைத்தாளில் என் கையாலேயே எழுதினேன். அன்று அவன் கூப்பிட்ட கூப்பாட்டால்தான் உயிரோடு இருக்கிறேன் என்று எழுதினேன். என்னை இழிவுபடுத்தியவர்கள் இன்னின்னார் என்று சூப்பர்வைசர் வரைக்கும் வரிசையாகப் பெயர் போட்டேன். அதிகாரி வாசித்துவிட்டு, "இதப் பாத்தா பாதி யார்டுக்கு மெமோ குடுக்கணுமே" என்றார். குடுங்க என்றேன்.

யாருக்கும் கொடுக்கவில்லை. அவனுடைய மெமோவைப் பற்றியும் அதற்குப் பிறகு பேச்சு இல்லை. சேனலில் கண்ணியமாகப் பேசவும் என்று ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள், அவ்வளவுதான். சொல் நின்றது. நான் தாண்டிப் போகும்போது இப்போது அதற்குப் பதிலாக இருமுகிறார்கள்.

அவன் வேலை தப்பியது. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் மெமோ வாங்கிய நாளிலிருந்து அவன் அந்தச் சொல்லை விட்டுவிட்டான். ஏழாம் சேனலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்து, "பஸ் வருது, ஏறுங்க" என்றான். ஏறுங்களாம்! பஸ்ஸுக்குள்ளேயே அவனோடு சண்டை போட்டேன். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். மீன் குழம்புச் சட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, அவன் என்னை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். சோறு போட்டுக்கொண்டிருந்த அக்காவின் கை அப்படியே நின்றது.

"என்னல, வேத்தாளக் கூப்பிடுத மாரி கூப்பிடுத? அந்தச் சொல்லத்தான் சொல்லித் தொலையேன். நான் காதப் பொத்திக்கிடுதேன்."

கரண்டியை வைத்துவிட்டு நிஜமாகவே இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அவன் என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டான்.

"வர மாட்டேங்குக்கா. யாரோ கேட்டுக்கிட்டு இருக்க மாரியே இருக்கு."

கதவு சாத்தியிருந்தது. வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம்.