கடைசி வரிசையில் தொடங்கிய திருவிருந்து

ஞானமணி போதகருக்குக் கோபம் வந்தால் முதலில் காதுகள் சிவக்கும். பிறகு குரல் தணிந்துவிடும். கத்துவார் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்துபோவார்கள். மெதுவாகப் பேசுகிறாரே, சமாதானமாகிவிட்டார் போலிருக்கிறது என்று எழுந்து போனவர்கள் அதைவிட ஏமாந்தார்கள்.

1953இல் அன்னவாசல் பக்கத்துச் சின்ன சபை ஒன்றுக்கு அவரை அனுப்பினார்கள். வயது முப்பத்திரண்டு. மனைவி கிருபை, ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு சைக்கிள். சமஸ்தானம் போய், புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ராஜா போனார், நாணயம் போனது, அரசுக் கச்சேரியின் பெயர்கூட மாறியது. கோயிலுக்குள் யார் எங்கே உட்காருவது என்பது மட்டும் மாறவில்லை. முன்பக்கத்தில் ஊர்த்தெருக் குடும்பங்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்தன. கதவை ஒட்டி, தரையில், சேரிக் குடும்பங்கள். எல்லாரும் ஒரே தண்ணீரில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். திருவிருந்து நாளில் பீடத்தின் முன்னிருந்த மரக் கிராதியில் ஊர்த்தெருக்காரர்கள் முதலில் முழங்காலிடுவார்கள். அவர்கள் எல்லாரும் குடித்து முடித்த பிறகுதான் திராட்சரசப் பாத்திரம் சேரிக்காரர்களுக்கு வரும். அது யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை. அதனால்தான் யாராலும் அதை அழிக்க முடியவில்லை.

வந்த முதல் மாதமே போதகர் இதைப் பற்றிச் சபை மூப்பர் மாசிலாமணியிடம் பேசினார். மாசிலாமணிக்கு ஊரில் அரிசி மில் இருந்தது. கோயில் மணியை அவருடைய அப்பாதான் வாங்கிக் கொடுத்தார். நல்ல பாட்டுக்காரர், நோயாளி வீட்டுக்கு முதலில் போகிறவர், பிடிவாதக்காரர்.

“இது ஒரே நாள்ல ஆகுற காரியமா ஐயா? பொறுமையா இருங்க. கர்த்தர் பாத்துக்குவார்,” என்றார்.

போதகர் பொறுத்தார். நான்கு வருஷம் பொறுத்தார்.

அந்த நான்கு வருஷத்தில் அவர் உருப்படியாகச் செய்ததாகச் சொல்ல ஒன்றுதான் இருந்தது: வாலிபால் டீம். சபையில் முழு அங்கத்தினராக்கும் திடப்படுத்தல் முடிந்த கையோடு வாலிபர்கள் கோயிலை மறந்துபோவது அவருக்கு எரிச்சலாக இருந்தது. கோயிலுக்குப் பின்னால் கிடந்த பொட்டலில் கருவேல முள்ளை வெட்டினார். இரண்டு கம்பம் நட்டார். மாலையில் அங்கியைக் கழற்றிவிட்டு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அவரே இறங்கினார். சுமாராகத்தான் ஆடுவார். ஆனால் யார் எங்கே நின்றால் பந்து செத்துப்போகும் என்று பார்க்கத் தெரியும்.

மில்காரர் மகன் திரவியத்துக்கு விரல்கள் நீளம். பந்தைச் சத்தமில்லாமல் வாங்கி, வலைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் வைத்துவிடுவான். கல் உடைக்கிற அடைக்கலம் அதை அடிப்பான். அவன் சேரிப் பையன். அவன் அடித்த பந்தை எடுக்க எதிராளி குனியும்போது அது தாண்டிப் போயிருக்கும். இவன் தூக்க, அவன் அடிக்க, இந்த இருவரை வைத்துத்தான் டீம். மற்றவர்கள் சர்வீஸ் போட்டார்கள், வியர்த்தார்கள்.

ஆட்டச் சட்டம் மாறி, ஆட்டக்காரர்கள் சுற்றிச் சுற்றி இடம் மாற வேண்டும் என்று வந்தபோது மாசிலாமணி சைக்கிளில் வந்து இறங்கினார்.

“என் மகனைப் பின்னால நிக்க வைக்கிறீங்களாமே.”

“சட்டம் அப்படி. கொஞ்ச நேரம் பின்னால, கொஞ்ச நேரம் முன்னால.”

“முன்னால யாரு நிப்பா?”

“அடைக்கலம்.”

“அவன் நிக்கிறப்ப இவன் பின்னால?”

“இவன் நிக்கிறப்ப அவன் பின்னால. ஒங்க மில்லுல பெல்ட் சுத்தலையா? அது மாதிரிதான்.”

மாசிலாமணி கொஞ்சம் யோசித்தார். “வெளையாட்டுன்னா வெளையாட்டாவே இருக்கட்டும்,” என்று சொல்லிப் போனார். அந்த எல்லைக்குள் அவருக்கு ஆட்சேபம் இல்லை. பந்தைத் தொட்டால் தீட்டு ஒட்டாது. சாப்பாட்டுக்கு அவரவர் வீட்டிலிருந்து கட்டுச்சோறு. தண்ணீருக்கு அவரவர் கூஜா, அவரவர் செம்பு. டீம் குடுமியான்மலை போனது, விராலிமலை போனது, ஜெயித்தது, தோற்றது. கட்டுச்சோறுகள் தனித்தனி மரத்தடியில் பிரிந்தன. போதகர் அதையும் பார்த்தார். அதையும் பொறுத்தார்.

1957 கோடையில் கோட்டைப்பட்டினத்து முஸ்லிம் வாலிபர்கள் ஆட்டத்துக்கு அழைத்தார்கள். அறந்தாங்கி போய், பஸ் மாறி, உப்புக் காற்றில் போய் இறங்கியபோது கட்டுச்சோறு எல்லாம் ஊசிப்போயிருந்தது. கடற்கரை மணலில் ஆட்டம். கால் புதைகிறது, குதிக்க முடியவில்லை. முதல் ஆட்டம் அவர்களுக்கு. அடைக்கலம் எதிராளிகளின் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவர்களைப் போலவே பாதத்தைத் தட்டையாக வைத்துக் குதிக்க ஆரம்பித்தான். அடுத்த இரண்டும் இவர்களுக்கு. தோற்றவர்களே தோளில் கைபோட்டு வீட்டுக்கு அழைத்துப் போனார்கள்.

அது மீன் வியாபாரி சேக் அலாவுதீன் வீடு. கூடத்தில் பாய் விரித்து, நடுவில் ஒரு பெரிய தாம்பாளத்தை வைத்தார்கள். அதில் நெய்ச்சோறு குவிந்திருந்தது, மேலே ஆட்டுக்கறி. அவர்கள் அதை சகன் என்றார்கள். ஒரு சகனைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, அதிலிருந்தே கைபோட்டுச் சாப்பிடுவது வழக்கம்.

பையன்கள் நின்றார்கள். யார் முதலில் உட்காருவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“என்ன தம்பி, தட்டைப் பாத்து நிக்கிறீங்க? வலைக்கு முன்னாடி இந்த யோசனை இல்லையே,” என்றார் சேக் அலாவுதீன். “உக்காருங்க. பாதிரியாரே, நீங்களும் அங்கிட்டு உக்காருங்க. ஆறுனா நெய் ஒறஞ்சிரும்.”

பசி. அடைக்கலம் உட்கார்ந்தான். அவனுக்குப் பக்கத்தில் திரவியம் உட்கார்ந்தான். அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் தாம்பாளத்தின் அடி தெரிந்தது. கடைசியாகக் கிடந்த நல்லி எலும்புக்காக இருவரும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். திரவியம் பிடுங்கி உறிஞ்சினான். எல்லாரும் சிரித்தார்கள்.

திரவியம் செய்த தவறு, அந்தச் சிரிப்பை வீட்டுக்குக் கொண்டுபோனது. “அடைக்கலம் கையில இருந்த எலும்பைப் புடுங்கித் தின்னேன்மா,” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டான். அம்மா அவன் சாப்பிடுகிற கும்பாவைத் தனியாக எடுத்து வைத்தாள். கிறிஸ்தவ வீடு. தீட்டுக் கழிக்க ஒரு ஜெபமும் கிடையாது. என்ன செய்வதென்று தெரியாமல் பையனைத் தலைமுழுகச் சொன்னார்கள்.

மறுநாள் காலை மாசிலாமணி போதகர் வீட்டு வாசலில் நின்றார்.

“அந்தப் பயலை டீமை விட்டு எடுத்துருங்க.”

“எந்தப் பயலை?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்க ஐயா.”

“எலும்பைப் புடுங்குனது ஒங்க மகன். எடுக்கணும்னா அவனைத்தான் எடுக்கணும்.”

போதகரின் காதுகள் சிவந்திருந்தன. முடியாது என்று மெல்லிய குரலில் சொல்லி அனுப்பிவிட்டு, அதே சூட்டோடு கல் உடைக்கிற பாறைக்குச் சைக்கிளை மிதித்தார். அடுத்து புதுக்கோட்டையில் பெரிய போட்டி இருந்தது. அடைக்கலம் இல்லாமல் அதற்குப் போக முடியாது. அவன் காதுக்குச் செய்தி போவதற்குள் தானே சொல்லிவிட நினைத்தார். தன்னை அவன் மெச்சுவான் என்றும் கொஞ்சம் நினைத்தார்.

அடைக்கலம் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை.

“நான் வரல ஐயா.”

“ஏன்டா? அவர்கிட்ட முடியாதுன்னு சொல்லிட்டேன்ல.”

“அவருக்காக இல்ல. பாய் வீட்டுல ஒரே தட்டு வச்சாக. யாரு வீட்டுப் புள்ளைன்னு கேக்கல. நம்ம கோயில்ல எங்க ஆத்தாவுக்குப் பாத்திரம் வாரப்ப அடியில மண்டிதான் கெடக்கு. அந்தப் பாத்திரத்தை யாரு ஐயா கையில வச்சிருக்கா? மில்லுக்காரரா?”

அடைக்கலம் அடுத்த கல்லை இழுத்துப் போட்டான்.

“நீங்கதான வச்சிருக்கீங்க.”

“நானும் நாலு வருஷமா பொறுமையாத்தான்டா…”

“பொறுமை ஒங்களுக்கு. காத்துக் கெடக்கிறது நாங்க. ஆத்தா கோயிலுக்கு வரட்டும், அது அதோட இஷ்டம். நான் வரல. கோயில் டீமுக்கும் வரல.”

திரும்பும் வழியில் சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்ததாகப் போதகர் பின்னாளில் சொன்னார். மாசிலாமணி மேல் இருந்த கோபம் பாதி வழியில் தன் மேல் திரும்பியது. விடாமுயற்சி பற்றி அவர் எத்தனை பிரசங்கம் செய்திருக்கிறார். ஓடுகிறவனையும் பந்தயத்தையும் உதாரணம் காட்டியிருக்கிறார். நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, நிற்பதையே ஓட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் உறைத்தது. “என் பொறுமைக்கு நான் ஒரு செலவும் செய்யல. அந்தச் செவந்தியம்மா செலவுல நான் பொறுமையா இருந்தேன்,” என்றார். செவந்தி அடைக்கலத்தின் தாய்.

வீட்டில் கிருபையிடம் சொன்னார். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“வரிசையை மாத்தப் போறேன்.”

“இந்த ஞாயித்துக்கிழமையா?”

“இந்த ஞாயித்துக்கிழமைதான்.”

“மேல எழுதிப் போட்டு ஒங்களை மாத்திருவாக.”

“மாத்தட்டும்.”

“அப்ப இன்னைக்கே சொல்லிருங்க. திடுதிப்புன்னு செஞ்சா மறைச்சு செஞ்ச மாதிரி ஆயிரும்.”

சனிக்கிழமை மாலைக்குள் மூப்பர்கள் எல்லாருக்கும் சொல்லியாயிற்று. யாரும் நம்பவில்லை. மெதுவாகப் பேசினாரே.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பியிருந்தது. அடைக்கலம் உள்ளே வரவில்லை, கதவுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றான். திருவிருந்து வேளை வந்ததும் மாசிலாமணியும் மற்ற மூப்பர்களும் எப்போதும்போல எழுந்து போய்க் கிராதியில் முழங்காலிட்டார்கள். திரவியம் அப்பாவின் பக்கத்தில். போதகர் பாத்திரத்தை எடுத்தார். அவர்களைக் கடந்தார். நடு வழியாகக் கதவை நோக்கி நடந்தார். போதகருக்கு உதவியாக நின்ற உபதேசியார் அப்பத் தட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் தயங்கி, பிறகு பின்னாலேயே போனார்.

செவந்திக்கு என்ன நடக்கிறதென்று புரியவில்லை. “நான் பொறகு வாரேன் ஐயா,” என்றாள். அந்தப் பெண்ணுக்கு அதுதான் பழக்கம்.

“பொறகு இல்லம்மா. இப்ப.”

அவள் பாத்திரத்தில் வாய்வைத்தாள். ரசம் கொஞ்சம் சேலையில் சிந்தியது. போதகர் தலையை நிமிர்த்தி வெளியே பார்த்தார். வேப்பமரத்தடியில் நின்றவன் கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு உள்ளே வந்து தாய்க்குப் பக்கத்தில் முழங்காலிட்டான்.

முன்னால் பெஞ்சு இழுபடும் சத்தம். மாசிலாமணி எழுந்துவிட்டார். அவரோடு முன்வரிசை முழுவதும் எழுந்து பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறியது. பாதிக் கோயில் காலி. கிராதியில் ஒருவன் மட்டும் முழங்காலில் இருந்தான். தரையில் இருந்த அத்தனை பேருக்கும் கொடுத்து முடித்துப் போதகர் திரும்பி வரும்வரை திரவியம் அசையவில்லை. அவனுக்குக் கிடைத்தது அடியில் கிடந்த கொஞ்சம். குடித்தான்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அவனைத் திருச்சியில் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். புதுக்கோட்டைப் போட்டிக்கு டீம் போனது. அடைக்கலம் போனான். தூக்கிக் கொடுக்க ஆள் இல்லை, முதல் சுற்றிலேயே தோற்றார்கள்.

ஊர்த்தெருக் குடும்பங்கள் மில் கொட்டகையில் தனியாக ஜெபம் நடத்தின. மனுக்கள் மேலிடத்துக்குப் பறந்தன. மேலிடமும் பொறுமையாக இருக்கச் சொன்னது. போதகர் அந்தப் பதிலைப் படித்துவிட்டுச் சனிக்கிழமை மாசிலாமணி வீட்டுக்குப் போனார். வாசலில் நின்று, “நாளைக்கு ஆராதனை. வாங்க,” என்றார். “வரிசையை மாத்துங்க, வாரேன்,” என்றார் மாசிலாமணி. அடுத்த சனிக்கிழமையும் போனார். அதற்கடுத்ததும் போனார். மழையில் போனார், காய்ச்சலோடு போனார். சில நாள் சண்டை போட்டார்கள், சில நாள் கதவே திறக்கவில்லை. இப்படியே வருஷங்கள் ஓடின.

“கோபம் தணிஞ்சிட்டுதா ஐயா?” என்று உபதேசியார் ஒருமுறை கேட்டார்.

“தணிஞ்சா நான் எதுக்குச் சைக்கிளை எடுக்கப் போறேன்? அவரே வேண்டாம்னு நான் விட்டுட்டா கோபம் போயிரும். நான் இன்னும் விடல.”

1962இல் மாற்றல் வந்தது. கடைசிச் சனிக்கிழமையும் அந்த வாசலில் நின்றார். மாசிலாமணிக்கு வயதாகியிருந்தது.

“போறீங்களாமே. இன்னும் கோவமா?”

“ஆமா.”

“எனக்கும்தான்.”

“சரி. நாளைக்குத் திருவிருந்து. கோவத்தோடவே வாங்க.”

மாசிலாமணி வரவில்லை. அவர் மனைவி வந்தாள், தனியாக. பழைய பெஞ்சுக்குப் போகாமல் கதவை ஒட்டி இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். பாத்திரம் செவந்தியைத் தாண்டி அவளிடம் வந்தது. வாங்கிக் குடித்தாள். யாரையும் பார்க்கவில்லை.

ஆராதனை முடிந்து வீட்டில் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள். போதகர் சட்டையை மாட்டினார்.

“எங்க கெளம்பிட்டீங்க? வண்டி வந்துரும்,” என்றாள் கிருபை.

“மில்லுக்காரர் வீட்டுக்கு.”

“அதான் அந்தம்மா வந்துட்டாகளே.”

“அந்தம்மா வந்தாச்சு. இவரு வரலையே,” என்று சொல்லிவிட்டுப் போதகர் வெயிலில் இறங்கினார். காதுகள் அதற்குள் சிவந்திருந்தன.